ஒரு மில்லிங் மெஷினுக்குள் அரசியல் எப்படி நுழைகிறது?

கேள்வி இது: "தொழில்நுட்பம் நடுநிலையானது அல்ல என்று விமர்சனக் கோட்பாட்டாளர்கள் சொல்கிறார்கள். கத்தியால் காய் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம். எல்லாம் பிடித்திருக்கும் கையைப் பொறுத்ததுதானே? இயந்திரத்துக்குள்ளேயே அரசியல் இருக்கிறது என்பதற்கு நிஜமான ஓர் உதாரணம் உண்டா?"

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, ஒரு பொருளை நல்லதுக்கும் கெட்டதுக்கும் பயன்படுத்தலாமா என்பது. இதற்கு எல்லோரும் "ஆம்" என்றுதான் சொல்வார்கள், விமர்சனக் கோட்பாட்டாளர்களுக்கும் இதில் சண்டை இல்லை. மற்றது, அந்தப் பொருள் உருவானபோது ஏன் இந்த வடிவத்தில் வந்தது, வேறு வடிவத்தில் வந்திருக்க முடியுமா, யாருடைய வசதிக்காக இந்த வடிவம் தேர்வானது என்பது. கோட்பாட்டின் உயிர் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. கத்தி உதாரணத்தில் இது தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. கத்தியைச் செய்பவர், வாங்குபவர், பிடிப்பவர் யாருக்குள்ளும் பெரிய அதிகார வேறுபாடு இல்லை. தொழிற்சாலை இயந்திரத்தைத் தீர்மானிப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், எட்டு மணி நேரம் அதன் முன் நிற்பவர் வேறொருவர். அதனால் நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம், சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷின். இன்று சிஎன்சி (கணினிவழி எண்கட்டுப்பாடு) என்று எல்லா பட்டறைகளிலும் புழங்கும் இயந்திரத்தின் பிறப்புக் கதை. இதற்கு நல்ல ஆவணங்கள் உண்டு, எதிர்வாதங்களும் உண்டு, ஆகவே எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துக் காட்ட முடியும்.

கோட்பாட்டை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1923இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் தொடங்கப்பட்ட சமூக ஆய்வு நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த சிந்தனை இது. அதன் முக்கியச் சிந்தனையாளர்களான ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இயற்கையை அடக்கும் பகுத்தறிவு அப்படியே மனிதரை அடக்கும் பகுத்தறிவாகவும் ஆகிறது என்று வாதிட்டார்கள். இயந்திரங்களைப் பற்றி அவர்கள் குறிப்பாக அதிகம் சொல்லவில்லை. அதே வட்டத்தைச் சேர்ந்த மார்க்யூஸா 1964இல் ஒரு படி மேலே போனார்: ஆதிக்கம் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திக்கொள்வதோடு நிற்கவில்லை, தொழில்நுட்பமாகவே உருவெடுத்துவிட்டது, ஆகவே நடுநிலை என்ற பழைய எண்ணம் செல்லாது என்றார். அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஹேபர்மாஸ் 1968இல், மார்க்யூஸாவின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி எழுதிய கட்டுரையில் இதை மறுத்தார். உழைத்து, கருவி செய்து இயற்கையைக் கையாள்வது மனித இனத்துக்கே பொதுவான செயல், அதற்கு 'வேறு மாதிரியான' தொழில்நுட்பம் என்று ஒன்று கிடையாது, பிரச்சினை அந்தக் கணக்குப் பார்க்கும் புத்தி மனிதர்கள் பேசித் தீர்க்க வேண்டிய இடங்களுக்குள் நுழைவதில் இருக்கிறது என்பது அவர் வாதம். மார்க்யூஸாவின் மாணவரான ஆண்ட்ரூ ஃபீன்பெர்க் 1990களிலிருந்து இந்தச் சண்டையை ஒருவழியாகத் தரைக்குக் கொண்டுவந்தார். "வேறு தொழில்நுட்பம் சாத்தியமா" என்று வானத்தைப் பார்த்துக் கேட்க வேண்டாம், ஒரு குறிப்பிட்ட கருவி வடிவமைக்கப்பட்ட நேரத்தில் மேசைமேல் எத்தனை வடிவங்கள் இருந்தன என்று பாருங்கள் என்றார். என்னைக் கேட்டால் இந்த மொத்த மரபிலும் கையில் எடுத்து வேலை செய்யக்கூடிய பகுதி இதுதான்.

இனி இயந்திரம். சாதாரண மில்லிங் மெஷினில் வேலை செய்பவர் என்னென்ன முடிவெடுக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். மைல்டு ஸ்டீல் ஜாப் (வெட்டப்படும் உலோகத் துண்டு), 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள, நான்கு பல் கொண்ட ஹைஸ்பீடு ஸ்டீல் கட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று எடுத்தால் சுழற்சி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று வரும் (25ஐ 1000ஆல் பெருக்கி, விட்டத்தையும் பை என்ற 3.14ஐயும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும்). ஒரு பல்லுக்கு 0.05 மில்லிமீட்டர் என்றால் நான்கு பல், 400 சுற்று, ஆக நிமிடத்துக்கு 80 மில்லிமீட்டர் ஃபீட், அதாவது ஜாப் கட்டரை நோக்கி நகரும் வேகம். இதுவரை புத்தகக் கணக்கு. மெஷினில் போட்டபிறகு ஜாப் அதிர ஆரம்பித்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டு வேகத்தைக் குறைப்பார். சிப்ஸ் (வெட்டித் தெறிக்கும் உலோகச் சீவல்) நீலமாக வந்தால் கட்டர் சூடாகிறது என்று தெரிந்துகொள்வார். ஜாப் வார்ப்பாக இருந்து, அதில் ஒரு இடம் மட்டும் கெட்டியாக இருந்தால் கைச்சக்கரத்திலேயே அது தெரியும். எந்தப் பக்கம் முதலில் வெட்டுவது, எங்கே கிளாம்ப் போடுவது, கடைசி வெட்டுக்கு எவ்வளவு விட்டுவைப்பது எல்லாம் அவர் தீர்மானம். ஒரு நாளில் எத்தனை பீஸ் வரும் என்பதும் இதனால் அவர் கையில்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் நிறுத்தக் கடிகாரத்தோடு பட்டறைக்குள் வந்தது இந்த அறிவை நிர்வாகத்தின் கைக்கு மாற்றுவதற்காகத்தான். அட்டவணை போட்டார், கூலி முறையை மாற்றினார். ஆனால் கைச்சக்கரம் தொழிலாளியிடமே இருந்தவரை அந்த மாற்றம் முழுமையாகவில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் இதைத் தானியங்கியாக்க இரண்டு வழிகள் முளைத்தன. முதல் வழி, பதிவுசெய்து திருப்பி ஓட்டுவது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1946–47 வாக்கில் இதைச் செய்துகாட்டியது. தேர்ந்த தொழிலாளி முதல் ஜாபை வழக்கம்போலக் கையால் வெட்டுவார். ஒவ்வொரு அச்சின் நகர்வையும் உணர்விகள் பிடித்துக் காந்த நாடாவில் பதியும். அடுத்த ஜாபுக்கு நாடாவை ஓட்டினால் மோட்டார்கள் அதே அசைவுகளைச் செய்யும். அங்கே புரோகிராம் எழுதுபவர் என்று தனியாக ஒருவர் தேவையில்லை. நாடாவில் இருப்பது தொழிலாளியின் கைத்திறன்.

இரண்டாவது வழி மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டியில் தொடங்கியது. அங்கே ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வார்ப்புருக்களைச் செய்துகொண்டிருந்தார். வளைவின்மேல் நிறைய புள்ளிகளைக் கணக்கிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் கட்டரை இறக்கி, மிச்சத்தை அரத்தால் வழவழப்பாக்கினால் துல்லியம் கூடும் என்று கண்டார். அவருடைய பொறியாளர் ஃபிராங்க் ஸ்டுலன் துளையட்டை இயந்திரங்களைக் கொண்டு அந்தப் புள்ளிகளைக் கணக்கிட்டார். பட்டறையில் ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, ஒருவர் எக்ஸ் அச்சின் சக்கரத்தையும் இன்னொருவர் ஒய் அச்சின் சக்கரத்தையும் திருப்புவார்கள். எண்ணைப் படிப்பவரையும் சக்கரம் திருப்புபவரையும் எடுத்துவிட்டு நேரடியாக அட்டையே மெஷினை ஓட்டினால் என்ன என்பது பார்சன்ஸின் யோசனை. எண்களே மெஷினை ஓட்டும் இந்த முறைக்குத்தான் எண்கட்டுப்பாடு என்று பெயர். 1949இல் அமெரிக்க விமானப்படை இதற்கு ஒப்பந்தம் கொடுத்தது. அவர் உதவிக்கு எம்ஐடி என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சர்வோமெக்கானிசம் ஆய்வகத்தைச் சேர்த்துக்கொண்டார். ஆய்வகமோ புள்ளி புள்ளியாக வெட்டுவதில் திருப்தியடையாமல், மூன்று அச்சுகளையும் ஒரே நேரத்தில் தொடர்ச்சியாகக் கட்டுப்படுத்தும் பெரிய அமைப்பைக் கட்ட முனைந்தது. நாளடைவில் விமானப்படையோடு நேரடி ஒப்பந்தமும் செய்துகொண்டது. பார்சன்ஸ் ஓரங்கட்டப்பட்டார். 1952 செப்டம்பரில் சின்சினாட்டி நிறுவனத்தின் ஹைட்ரோடெல் மில்லிங் மெஷின் ஒன்று துளையிட்ட காகித நாடாவிலிருந்து ஓடுவதைப் பொதுவில் காட்டினார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிகள் மெஷினைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன.

இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முதலாவதில் அறிவு மெஷின் முன்னால் பிறந்து நாடாவுக்குப் போகிறது. இரண்டாவதில் அது வரைபட அறையில் கணிதமாகப் பிறந்து நாடாவாகிப் பட்டறைக்கு வருகிறது, தொழிலாளி அதை மாட்டிவிட்டு நிற்கிறார். எந்தக் கை எதற்குப் பயன்படுத்தினாலும் இந்த வேறுபாடு மாறாது. நல்லெண்ணம் கொண்ட முதலாளி இரண்டாவது மெஷினை வாங்கினாலும், ஃபீட் 80ஆ 60ஆ என்ற முடிவு அலுவலகத்தில்தான் எடுக்கப்படும். 'பயன்பாட்டைப் பொறுத்தது' என்ற பதில் போதாமல் போகிற இடம் இது.

எண்கட்டுப்பாடு ஏன் வென்றது? வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் மூன்று சரடுகளைக் காட்டுகிறார். ஒன்று ராணுவத்தின் பணம். சந்தையில் யாரும் வாங்க முன்வராத நிலையில், 1950களின் நடுவில் விமானப்படை நூற்றுக்கும் மேற்பட்ட எண்கட்டுப்பாட்டு மெஷின்களைத் தன் செலவில் வாங்கி விமான உற்பத்தியாளர்களின் ஆலைகளில் நிறுவியது. ராணுவத்துக்கு விலை முக்கியமாக இருக்கவில்லை. சிக்கலான விமானப் பாகங்கள், எந்த ஆலையில் செய்தாலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதே அதன் தேவை. இரண்டாவது, எம்ஐடி பொறியாளர்களின் ரசனை. எல்லா வடிவங்களுக்கும் பொருந்தும் பொதுவான கணிதத் தீர்வு அவர்களுக்கு அழகாகத் தெரிந்தது. அந்த மனப்பாங்கின் உச்சம் ஏபிடி என்ற புரோகிராமிங் மொழி. 1959 பிப்ரவரியில் அதை அறிமுகம் செய்தபோது, அதில் எழுதிய நாடாவால் வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணங்களைப் பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அந்த மொழியை ஓட்ட ஐபிஎம் 704 போன்ற பெருங்கணினி தேவைப்பட்டது. இருபது பேர் வேலை செய்யும் பட்டறை அதை எங்கே வாங்கும்? விமானப்படை ஒப்பந்தம் வேண்டுபவர்கள் இந்த முறைக்கு மாற வேண்டியிருந்தது, மாற முடியாதவர்கள் வெளியே நின்றார்கள். மூன்றாவது, ஆலை நிர்வாகத்தின் ஆசை: உற்பத்தி வேகத்தைத் தொழிலாளியிடமிருந்து மீட்பது. போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதில் எது உறுதி, எது இல்லை? இரண்டு வழிகளும் செயல்படும் நிலையில் இருந்தன என்பது உறுதி. பணம் ஒன்றுக்குத்தான் கொட்டியது என்பதும் உறுதி. எண்கட்டுப்பாட்டை விற்றவர்களும் வாங்கியவர்களும் தொழிலாளியைச் சார்ந்திருப்பதைக் குறைப்பதை ஒரு லாபமாகவே பேசினார்கள் என்பதற்கும் அக்காலத் தொழில் இதழ்களில் சான்று உண்டு. ஆனால், ராணுவப் பணம் இல்லாமல் இருந்திருந்தால் பதிவுமுறை வென்றிருக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதற்கு நிஜமான தொழில்நுட்பக் குறைகள் இருந்தன. மூன்று அச்சுகள் ஒரே நேரத்தில் நகர வேண்டிய விமான இறக்கை வளைவைக் கையால் வெட்டவே முடியாது, அப்புறம் எதைப் பதிவது? தொழிலாளியின் சிறு தடுமாற்றமும் நாடாவில் பதிந்து ஒவ்வொரு ஜாபிலும் திரும்ப வரும். கட்டரைத் தீட்டியபின் 20 மில்லிமீட்டர் 19.6 ஆகிவிட்டால் ஒவ்வொரு பக்கமும் 0.2 தப்பும், அதற்காக முழுவதையும் மறுபடி பதிய வேண்டும். (ஆரம்பகால எண்கட்டுப்பாட்டுக்கும் இதே நோய் இருந்தது. கட்டரின் மையப் பாதையைத்தான் நாடாவில் எழுதினார்கள், கட்டர் தேய்ந்தால் நாடாவை மீண்டும் கணக்கிட வேண்டியிருந்தது. கட்டர் ஈடுசெய்யும் வசதி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் பிறகுதான் வந்தது. ஒரு முறையின் குறைகளைத் தீர்க்கப் பல ஆண்டுப் பணமும் உழைப்பும் கிடைத்தன, மற்றதற்குக் கிடைக்கவில்லை.)

நோபிளின் வாதத்தில் பலமான இடம் விமானப் பாகங்கள் அல்ல என்பது என் தீர்ப்பு. அந்தத் தேவைக்கு எண்கட்டுப்பாடு சரியான விடைதான். பலமான இடம் மற்ற எல்லாம்: சாதாரணக் கியர் பெட்டி, பம்பு உறை, அடைப்பான் போன்ற பாகங்களுக்கும் அதே முறை ஏன் நியதி ஆனது என்பது. இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. கைவிடப்பட்டதாகச் சொல்லப்படும் வழி வேறெங்காவது பிழைத்திருக்கிறதா என்று பாருங்கள். நார்வேயின் டிரல்ஃபா நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் பெயின்ட் அடிக்கும் ரோபோவைச் செய்தபோது, தேர்ந்த பெயின்டர் ஒருமுறை கையைப் பிடித்து அசைத்துக் காட்ட, ரோபோ அதை நினைவில் வைத்துத் திரும்பச் செய்யும் முறையைத்தான் எடுத்துக்கொண்டது. மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் இன்றைய சிறு ரோபோக்களுக்கும் கையால் நகர்த்திக் கற்றுத்தருகிறார்கள். ஆக, அந்த யோசனை முட்டாள்தனமானது அல்ல, சில வேலைகளுக்கு அதுதான் மேல்.

பட்டறையில் பிறகு நடந்ததும் முக்கியம். தொழிலாளி பொத்தானை அழுத்திவிட்டு உட்காரலாம் என்று விளம்பரங்கள் சொன்னாலும், கட்டர் தேய்வதும் வார்ப்பு கெட்டியாக இருப்பதும் சிப்ஸ் சிக்குவதும் நிற்கவில்லை. நாடாவில் பிழை இருந்தால் கட்டர் கிளாம்பில் போய் இடிக்கும். அதனால் எண்கட்டுப்பாட்டு மெஷின்களில் ஃபீட்டைக் கூட்டிக் குறைக்கும் ஓவர்ரைடு குமிழ் வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் குமிழை 80 சதவீதத்தில் வைப்பதா 100இல் வைப்பதா என்பதே நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் இழுபறியானது. மாசசூசெட்ஸின் லின் நகரத்தில் உள்ள ஜெனரல் எலக்ட்ரிக் விமான எஞ்சின் ஆலையில், எண்கட்டுப்பாட்டு ஆபரேட்டருக்கு என்ன கூலித் தரம் என்பதில் 1960களில் தகராறு மூண்டது. விலையுயர்ந்த மெஷின்கள் எதிர்பார்த்த அளவு ஓடவும் இல்லை. 1968இல் நிர்வாகமே ஒரு பிரிவில் மேற்பார்வையாளர் இல்லாமல் தொழிலாளர்களே வேலையைப் பிரித்துக்கொண்டு ஓட்டும் சோதனையைத் தொடங்கியது. அது 1975 வரை நடந்து நிறுத்தப்பட்டது. நிறுத்தியதற்கு நோபிள் சொல்லும் காரணம், அதிகாரம் கைமாறுவதை நிர்வாகம் விரும்பவில்லை என்பது. இதை அவருடைய விளக்கமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், ஆலையின் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்ட உண்மையாக அல்ல.

கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கம் சிஎன்சி ஓட்டுபவர்களுக்கு இந்த இழுபறி புதிதாக இருக்காது. கட்டுப்பாட்டுப் பலகையில் புரோகிராமைப் பூட்டும் சாவி ஒன்று இருக்கும். சாவி 'பூட்டு' நிலையில் இருந்தால் ஆபரேட்டர் புரோகிராமைப் படிக்கலாம், ஓட்டலாம், ஒரு வரியையும் மாற்ற முடியாது. பல இடங்களில் டூல் ஆஃப்செட்டை (கட்டரின் அளவுக்கான திருத்தம்) மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள், மாற்ற விடுவார்கள். சிறு பட்டறையில் செட் செய்பவரும் திருத்துபவரும் ஓட்டுபவரும் ஒரே ஆள், சாவி பலகையிலேயே தொங்கும். வண்டித் தொழிற்சாலைக்குப் பாகம் கொடுக்கும் பெரிய லைனில் அது செட்டர் அல்லது இன்ஜினியர் சட்டைப்பையில் இருக்கும். மெஷின் ஒன்றேதான். "அப்படியானால் பயன்பாடுதானே முக்கியம்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சாவித்துளையை வடிவமைப்பில் வைத்ததே ஒரு முடிவு என்பது என் பதில். சாவி இல்லாமலும் செய்திருக்கலாம். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைத்து, எல்லோரையும் திருத்தவிடும் பலகையாகவும் செய்திருக்கலாம். பூட்டுவதற்கும் ஒரு காரணம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: தவறுதலாக ஓர் இலக்கம் மாறினால் ஸ்பிண்டில் இடித்து லட்சக்கணக்கில் செலவு வரும். பாதுகாப்பும் கட்டுப்பாடும் இங்கே ஒரே துளைக்குள் இருக்கின்றன. கோட்பாட்டை நேர்மையாகப் பயன்படுத்துபவர் இரண்டையும் எழுத வேண்டும்.

ஃபீன்பெர்க் இதை விளக்கும் விதம் எனக்குப் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூற்பாலைகளில் சில இயந்திரங்கள் குழந்தைகள் நின்று வேலை செய்யும் உயரத்துக்கு அமைந்திருந்தன. அன்றைய பொறியாளருக்கு அது வெறும் அளவுக் குறிப்பு. இன்னும் எட்டு வயதுப் பிள்ளை வேலைக்கு வரும் என்ற சமூக முடிவு அந்தக் குறிப்புக்குள் ஒளிந்திருந்தது. குழந்தைத் தொழில் தடைசெய்யப்பட்டபின் இயந்திரங்கள் பெரியவர் உயரத்துக்கு மாறின. இன்று யாரும் "உயரத்தை ஏற்றியதால் செயல்திறன் போய்விட்டது" என்று புலம்புவதில்லை, அந்தக் கணக்கே நம் கண்ணுக்குத் தெரியாது. நீராவிக் கொதிகலன்களும் அப்படித்தான். அமெரிக்க ஆற்றுப் படகுகளில் கொதிகலன் வெடித்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1838இல் ஒரு பலவீனமான சட்டமும் 1852இல் வலுவான ஒன்றும் வந்தன. கனமான தகடும் பாதுகாப்பு அடைப்பானும் 'கூடுதல் செலவு' என்று படகு முதலாளிகள் எதிர்த்தார்கள். இன்று கொதிகலன் என்றால் அடைப்பானோடுதான், அதைக் கூடுதலாக யாரும் எண்ணுவதில்லை. செயல்திறன் என்பது ஒரு பின்னம். மேலே விளைபொருளும் கீழே செலவும் இருக்கும். எதைச் செலவாக எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதைப் பொறியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை.

மாற்று வழிகள் கனவாகவே நின்றுவிடவில்லை. நார்வேயில் கணினி அறிவியலாளர் கிறிஸ்டன் நிகார்ட், 1970களின் தொடக்கத்தில் இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, ஆலைக்கு வரும் கணினி அமைப்புகளைத் தொழிலாளர்களே படித்து மதிப்பிடும் திட்டத்தை நடத்தினார். 1975இல் அங்கே தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் கூட்டமைப்பும் செய்த ஒப்பந்தப்படி, புதுக் கணினி அமைப்பு வருவதற்கு முன்பே சங்கத்துக்குத் தகவல் தர வேண்டும், அதைப் பார்வையிடத் தனிப் பிரதிநிதியும் உண்டு. கோங்ஸ்பெர்க் ஆயுத ஆலையில் ஆபரேட்டர்களே மெஷின் முன் நின்று புரோகிராமைத் திருத்தியதை நோபிள் பதிவு செய்திருக்கிறார். இங்கிலாந்தில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் ஊழியர்கள் 1976இல், ஆட்குறைப்புக்குப் பதிலாக நாம் செய்யக்கூடிய பொருட்கள் இவை என்று வெப்ப பம்பு, சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரம், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி உட்பட ஏறத்தாழ 150 யோசனைகளை முன்வைத்தார்கள். நிர்வாகம் ஏற்கவில்லை. அந்த முயற்சியில் முன்நின்ற மைக் கூலியும் மான்செஸ்டரின் ஹோவர்ட் ரோசன்பிராக்கும் பிறகு ஆபரேட்டரின் திறமையை மையமாக வைத்த லேத் அமைப்புகளை வடிவமைக்க முயன்றார்கள்.

எனினும் பெரிய மாற்றம் போராட்டத்தால் மட்டும் வந்ததாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும். 1970களில் நுண்செயலி வந்ததும் பெருங்கணினி தேவையற்றுப்போனது. ஜப்பானிய நிறுவனங்கள் சிறு பட்டறைகளை மனதில் வைத்து மலிவான சிஎன்சி செய்தன. 1981இல் மசாக் கொண்டுவந்த மசட்ரோல் கட்டுப்பாட்டில் ஆபரேட்டர் வரைபடத்தைப் பார்த்து அளவுகளைத் திரையில் கேள்வி பதிலாக நிரப்பினால் போதும், புரோகிராம் தானே உருவாகும். அறிவு மறுபடி மெஷின் முன்னால் வந்தது, அதைக் கொண்டுவந்தது லாப நோக்கமுள்ள சந்தை. கோட்பாட்டின் கடுமையான வடிவத்துக்கு, அதாவது முதலாளித்துவம் எப்போதும் திறமையைப் பறிக்கும் இயந்திரத்தையே தேர்ந்தெடுக்கும் என்ற வாதத்துக்கு, இது நேரான எதிர்ச்சான்று.

இத்தகைய ஆய்வில் அடிக்கடி நேரும் தவறுகளையும் சொல்ல வேண்டும். மிகப் பிரபலமான உதாரணம் நியூயார்க்கின் பாலங்கள். லாங் ஐலண்டுக்குப் போகும் பூங்காச் சாலைகளின் மேம்பாலங்களை, அவற்றைக் கட்டுவித்த அதிகாரி ராபர்ட் மோசஸ் வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டினார், பேருந்தில் வரும் ஏழைகளும் கறுப்பினத்தவரும் கடற்கரைக்கு வரக்கூடாது என்பதே காரணம் என்று தொழில்நுட்பத்தின் அரசியலை ஆராயும் லாங்டன் வின்னர் 1980இல் எழுதினார். இன்றும் பலர் இதை அப்படியே எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சாலைகளில் வணிக வாகனங்களுக்கும் பேருந்துகளுக்கும் ஏற்கெனவே தடை இருந்தது, அக்காலப் பூங்காச் சாலைகள் பலவற்றில் தாழ்ந்த பாலம் வழக்கம்தான், கடற்கரைக்கு வேறு சாலைகளும் இருந்தன என்று ஆய்வாளர் பெர்ன்வர்ட் யோர்கெஸ் 1999இல் காட்டினார். மோசஸின் இனவெறிக்குத் தனிச் சான்றுகள் உண்டு, பாலத்தின் உயரம் அதற்குச் சான்றாக நிற்பது கடினம். நோக்கத்தைத் தேடிப் போனால் இப்படி வழுக்கும். அதே வின்னர் தரும் இன்னோர் உதாரணம் இதைவிட உறுதியானது: கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய தக்காளி அறுவடை இயந்திரமும், அந்த இயந்திரத்தின் இரும்புப் பிடியைத் தாங்கும் கெட்டித் தக்காளி ரகமும். மெக்சிகோவிலிருந்து கூலியாட்களை அழைத்துவரும் திட்டம் 1964 இறுதியில் நின்றபோது இயந்திரம் வேகமாகப் பரவியது. 1960களின் தொடக்கத்தில் சுமார் 4000 பேராக இருந்த தக்காளி விவசாயிகள் 1973இல் சுமார் 600 ஆனார்கள். இங்கே யாரும் சதி செய்யவில்லை. பெரிய வயல் வைத்திருப்பவருக்கே கட்டுபடியாகும் விலையில் ஒரு வடிவம், பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு, இரண்டும் சேர்ந்தே இந்த விளைவைத் தந்தன. 1979இல் சிறுவிவசாயிகள் தரப்பு பல்கலைக்கழகத்தின்மேல் வழக்குத் தொடர்ந்தது, கீழ் நீதிமன்றத்தில் ஓரளவு வென்றது, மேல்முறையீட்டில் தோற்றது.

நீங்களே ஒரு தொழில்நுட்பத்தை இப்படி ஆராய விரும்பினால் நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் அந்தப் பொருளுக்கு முன் வேலை எப்படி நடந்தது என்று, மேலே மில்லிங்குக்குச் செய்ததைப்போல, முடிவுகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். 'திறமை' என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. ஃபீட், வேகம், வரிசை, எப்போது நிறுத்துவது என்று எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இப்போது அதை யார் எடுக்கிறார் என்று குறியுங்கள். பிறகு, வடிவம் இறுதியாவதற்குமுன் வேறு எந்த வடிவங்கள் ஓடிக்கொண்டிருந்தன என்று தேடுங்கள். வேறு எதுவுமே இல்லை என்றால் உங்கள் வாதம் அங்கேயே பலவீனமாகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின் பணம் கொடுத்தவர் யார், அவர் என்ன அளவுகோல் வைத்தார் என்று பார்க்க வேண்டும். கடைசியாக, தோற்ற வடிவத்தின் தொழில்நுட்பக் குறைகளை அதன் எதிரி எழுதுவதைப்போல எழுதிப்பாருங்கள். பெரும்பாலான மாணவர் கட்டுரைகள் இந்தக் கடைசிப் படியைத் தாண்டிப் போய்விடுகின்றன, அதனால்தான் பொறியியல் படித்தவர்கள் அவற்றைப் படித்ததும் கோபப்படுகிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது.

உணவு விநியோகச் செயலி, வாடகை வண்டிச் செயலி போன்றவற்றில் இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் முதல் படி எளிது: எந்த ஆர்டரை எடுப்பது, எந்த வழியில் போவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற முடிவுகள் எங்கே போயின என்பதை ஓட்டுபவரே சொல்லிவிடுவார். இரண்டாவது, மூன்றாவது படிகளில்தான் முட்டுகிறது. நோபிளுக்கு ராணுவ ஒப்பந்தங்களும் எம்ஐடி ஆவணக் காப்பகமும் திறந்திருந்தன. நிறுவனத்தின் கணினிக்குள் இருக்கும் பங்கீட்டு விதிகள் வெளியில் இருப்பவர் கைக்கு வருவதில்லை. ஆகவே இன்று இந்தத் துறையில் எழுதப்படும் பலவும் திரையில் தெரியும் விளைவிலிருந்து உள்ளே இருக்கும் விதியை ஊகிப்பவை. அப்படித்தான் அவற்றைப் படிக்க வேண்டும். இந்தக் கதவைத் திறக்கச் சட்டங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. வேலை நிலைமையைப் பாதிக்கும் அல்காரிதத்தின் விதிகளை ஊழியர் பிரதிநிதிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஸ்பெயின் 2021இல் சட்டம் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் செயலிவழி வேலைக்கான நெறியுரையில் இதை விரிவாக்கியது, உறுப்பு நாடுகள் 2026 டிசம்பருக்குள் அதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும். கர்நாடகத்தின் 2025 கிக் (செயலிவழி வேலை செய்யும்) தொழிலாளர் சட்டத்திலும் தானியங்கிக் கண்காணிப்பு, முடிவெடுப்பு அமைப்புகளைப் பற்றித் தொழிலாளிக்கு விளக்க வேண்டும் என்ற பிரிவு இருக்கிறது. நார்வேயில் 1975இல் சங்கம் கேட்டு வாங்கியதும் இதே வகை உரிமைதான். ஒரு வேறுபாடு உண்டு: அங்கே அமைப்பு ஆலைக்குள் வருவதற்கு முன்பே தகவல் கிடைத்தது, வடிவமைப்பை மாற்றச் சொல்ல அவகாசம் இருந்தது. செயலி விஷயத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைப் பற்றித்தான் விளக்கம் கேட்கிறோம்.